தேசக் குறிக்கோள்களும் கிராம சபையின் தீர்மானப் புத்தகமும்

2015ஆம் வருஷம் செப்டம்பர் மாதம் 25ஆம் தேதி நியூயார்க் நகரில் கூடிய ஐக்கிய நாடுகள் சபையில் 193 தேசங்கள் ஒருங்கே ஒரு பிரகடனத்தை அங்கீகரித்தன. 2030ஆம் வருஷத்திற்குள் உலகில் வறுமையும் பசியும் ஒழிய வேண்டும், நல்ல தண்ணீரும் கல்வியும் வைத்தியமும் எல்லோருக்கும் கிட்ட வேண்டும், மண்ணும் நீரும் காடும் கெடாமல் காக்கப்பட வேண்டும் என்பன போன்ற 17 குறிக்கோள்களும், அவற்றின் கீழ் 169 உட்குறிக்கோள்களும் அப்பிரகடனத்தில் அடங்கியுள்ளன. இவற்றுக்கு நிலைத்த அபிவிருத்திக் குறிக்கோள்கள் என்று பெயர். இந்தியாவும் இவற்றை ஏற்றுக்கொண்ட தேசங்களுள் ஒன்று.

‘நிலைத்த’ என்னும் சொல்லின் கருத்தைக் கூட்டுறவுச் சங்கத்து அங்கத்தினருக்கு அதிகமாக விளக்க வேண்டுவதில்லை. ஒதுக்கு நிதியில் கைவைத்து லாப ஈவு பங்கிடும் சங்கம் எத்தனை வருஷம் நிற்கும் என்பதை அவர்கள் அறிவார்கள். கிணற்றின் ஊற்றும், வயலின் சத்தும், ஏரியின் கொள்ளளவும் ஒரு கிராமத்தின் ஒதுக்கு நிதியாகும். அவற்றை அழித்து ஈட்டும் வருமானம் வருமானமன்று, மூலதனச் செலவே.

ஆயினும் நியூயார்க்கில் அங்கீகரித்த ஒரு பிரகடனத்திற்கும், தம் ஊர்க் கலிங்கு உடைந்து கிடப்பதற்கும் என்ன சம்பந்தம் என்று ஓர் அங்கத்தினர் கேட்பது நியாயமே. அக்கேள்விக்கு விடை கூறுவதே இப்பாடத்தின் நோக்கம். பதினேழு குறிக்கோள்களையும் நெட்டுருப் போடுவதால் ஒருவருக்கும் பயனில்லை. சிறு விவசாயிகளின் விளைவையும் வருமானத்தையும் இரட்டிப்பாக்குவதைக் கூறும் 2ஆவது குறிக்கோள், தண்ணீரைப் பற்றிய 6ஆவது குறிக்கோள், எல்லா மட்டங்களிலும் ஜனங்கள் கலந்துகொண்டே முடிவுகள் செய்யப்பட வேண்டும் என்னும் உட்குறிக்கோளை உடைய 16ஆவது குறிக்கோள் ஆகிய மூன்றையும் அறிந்திருந்தால் இப்போதைக்குப் போதும்.

ஜனங்களைக் கேட்ட விதம்

2000ஆம் வருஷத்துப் பிரகடனத்திலிருந்து பிறந்து, 2015 வரையில் அமலில் இருந்த எட்டுக் குறிக்கோள்கள் பெரும்பாலும் சில நிபுணர்களால் வகுக்கப்பட்டவை. அவை மேலிருந்து இறங்கியவை என்ற குறை பலமாக எழுந்தமையால், அடுத்தவற்றை வகுப்பதற்கு முன் உலக ஜனங்களின் அபிப்பிராயம் திரட்டப்பட்டது. எவ்விஷயம் முதன்மையானது என்ற கேள்விக்கு ஏறக்குறைய ஒரு கோடிப் பேர் விடையளித்தனர். நல்ல கல்வி வேண்டும் என்பதே முதலிடம் பெற்றது. இது மெச்சத்தக்க காரியந்தான். எனினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எது வேண்டும் என்று கேட்பது வேறு. உள்ள பணத்தை எதற்குச் செலவிடலாம் என்று கேட்பது வேறு. முன்னதற்கு எல்லோரும் எல்லாம் வேண்டும் என்பர். பின்னதில்தான் ஓர் ஊரின் புத்தி வெளிப்படும்.

இந்தியாவில் இக்குறிக்கோள்களின் மேற்பார்வை, திட்டக் கமிஷனுக்குப் பதிலாக 2015ஆம் வருஷம் ஜனவரி 1ஆம் தேதி நிறுவப்பட்ட நிதி ஆயோக்கிடம் ஒப்படைக்கப்பட்டது. (இப்பெயரில் உள்ள ‘நிதி’ பணத்தைக் குறிப்பதன்று, வடமொழியில் கொள்கை என்று பொருள்படும் சொல் அது.) தேசம் எவ்வளவு தூரம் முன்னேறியிருக்கிறது என்பதை ஐக்கிய நாடுகள் சபையின் முன் தானாகவே தெரிவிக்கும் அறிக்கையை இந்தியா 2017, 2020, 2025 ஆகிய வருஷங்களில் சமர்ப்பித்தது. மாகாணங்களுக்கு மதிப்பெண் வழங்கும் வழக்கமும் 2018இல் தொடங்கியது. 2023-24ஆம் வருஷத்து மதிப்பீட்டில் தேசம் முழுவதற்கும் 71, கேரளத்திற்கும் உத்தரகண்டத்திற்கும் 79, தமிழ்நாட்டிற்கு 78 என்று மதிப்பெண்கள் வெளியாயின.

மாகாணத்தின் 78 என்பது ஒரு சராசரி. அம்மாகாணத்தில் ஓர் ஊர் குடிதண்ணீருக்கு இரண்டு மைல் நடக்கலாம்; அந்த நடை சராசரியில் தெரியாது. இக்குறையைப் போக்கவே பஞ்சாயத்துகளையும் தனித்தனியே மதிப்பிடும் முறை வந்தது. வறுமை ஒழிப்பு, ஆரோக்கியம், குழந்தைகள் நலம், போதிய நீர், தூய்மையும் பசுமையும், அடிப்படை வசதிகள், சமூக நீதி, நல்ல நிர்வாகம், பெண்கள் நலம் என ஒன்பது விஷயங்களாகப் பதினேழு குறிக்கோள்களும் கிராமத்திற்கு ஏற்றபடி சுருக்கப்பட்டன. 2022-23ஆம் வருஷத்து விவரங்களைக் கொண்டு 2025ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் வெளியான முடிவின்படி, மதிப்பிடப்பட்ட 2,16,285 பஞ்சாயத்துகளுள் முதல் வகுப்பில் ஒன்றுகூடத் தேறவில்லை. இரண்டாம் வகுப்பில் 699 மட்டுமே. நான்காம் வகுப்பில் 1,32,392. இந்த மதிப்பெண்களுக்கு ஆதாரமான விவரங்கள் அந்தந்த ஊரின் பெயரிலேயே பதிவாகின்றன. அவை மெய்யா என்று சோதிக்கத் தகுதி உடையவர்கள் அவ்வூரில் வசிப்பவர்களே. அதற்குச் சட்டப்படி அமைந்த இடம் கிராம சபை.

கிராம சபை

கிராமங்களை அவற்றின் ஜனங்களைக் கொண்டே அபிவிருத்தி செய்யும் எண்ணம் பழையது. 1952ஆம் வருஷம் அக்டோபர் 2ஆம் தேதி சமூக அபிவிருத்தித் திட்டம் தேசத்தில் தொடங்கிற்று. ஐந்து வருஷங்களுக்குப் பின் அதைப் பரிசீலித்த பல்வந்தராய் மேத்தா கமிட்டி, ஜனங்களின் சொந்த ஊக்கத்தை அத்திட்டம் எழுப்பவில்லை என்றும், தேர்ந்தெடுக்கப்பட்ட ஸ்தல ஸ்தாபனங்களிடம் பொறுப்பை ஒப்படைத்தாலன்றி எழுப்ப இயலாது என்றும் கண்டது. அந்த யோசனை முழுமையான சட்ட பலம் பெற 1993 ஏப்ரல் 24 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அன்றுதான் அரசியலமைப்பின் 73ஆவது திருத்தம் அமலுக்கு வந்தது. தமிழ்நாட்டில் 1994ஆம் வருஷத்துப் பஞ்சாயத்துச் சட்டம் அதைப் பின்பற்றி இயற்றப்பட்டது.

வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும் கிராம சபையின் அங்கத்தினர். சந்தாவும் பங்குத் தொகையும் இல்லை. தமிழ்நாட்டில் ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாட்களோடு, 2022 முதல் மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாட்களும் கிராம சபைக்கென அறிவிக்கப்பட்டன. 500 பேர் வரை உள்ள ஊரில் 50 பேரும், 3,000 பேர் வரை 100 பேரும், 10,000 பேர் வரை 200 பேரும், அதற்கு மேல் 300 பேரும் கூடினாலன்றிச் சபை நடவாது.

இவ்வாறு நாட்கள் பல இருப்பினும், திட்டம் வகுப்பதற்கு அக்டோபர் 2ஆம் தேதிக் கூட்டமே முக்கியமானது. காரணம் யாதெனில், வருகிற நிதியாண்டிற்கான கிராம அபிவிருத்தித் திட்டத்தைத் தயாரிக்கும் இயக்கம் 2018 முதல் அன்றுதான் தொடங்கி, மேலும் சில மாதங்கள் நடந்து வந்துள்ளது. திட்டம் முடிவான பிறகு ஜனவரியில் எழுந்து நின்று ஊருணியைத் தூர்வார வேண்டும் என்று முழங்குபவர், பட்டுவாடா முடிந்தபின் கடன் மனுக் கொடுப்பவரை ஒத்தவர். அவர் கோரிக்கை நியாயமானதாக இருக்கலாம். பணம் வேறு இனத்திற்கு ஒதுக்கியாகிவிட்டது.

பணத்தின் தன்மையையும் அறிந்திருக்க வேண்டும். 2021-22 முதல் 2025-26 வரையிலான ஐந்து வருஷங்களுக்கு 15ஆவது நிதிக் கமிஷன் கிராமங்களுக்கு அளித்த மானியத்தில் 100க்கு 60 பங்கு குறிப்பிட்ட காரியங்களுக்கென்றே கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. அதில் சரிபாதி குடிதண்ணீர், மழைநீர்ச் சேகரிப்பு, நீரின் மறு உபயோகம் ஆகியவற்றுக்கும், மற்றைப் பாதி சுகாதாரத்திற்கும் உரியது. எஞ்சிய 40 பங்கே ஊரார் தேவைக்கேற்பச் செலவிடத்தக்கது. இதை அறியாத சபைகளில் தெரு விளக்கையும் சிமெண்டுச் சாலையையும் பற்றியே நாழிகைக் கணக்கில் விவாதம் நடந்தது. மழைநீருக்கென்று தனியே ஒதுக்கிய பணத்தைப் பற்றிக் கேட்பாரில்லை.

ஓர் உதாரணம்

மேற்கண்டவை நடைமுறையில் எவ்வாறு பொருந்தும் என்பதைக் காண, மானாவாரிப் பிரதேசத்தில் ஒரு கிராமம் இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். அவ்வூரில் நாற்பது பாசனக் கிணறுகள் உள்ளன. ஊருக்கு மேற்கே ஓர் ஊருணி. அதற்கு நீர் கொணரும் வரத்துக்கால் பாதி தூர்ந்தும், மீதி முள்மண்டியும் கிடக்கிறது. மழை பெய்தால் நீர் ஓடையில் பாய்ந்து அடுத்த ஊருக்குப் போய்விடுகிறது.

கோடையில் ஒருவருடைய கிணறு வற்றுகிறது. அவர் நகையை அடகு வைத்துச் சங்கத்தில் கடன் பெற்றுக் கிணற்றுக்குள் ஆழ்துளை இறக்குகிறார். அவர் கிணற்றில் நீர் வந்ததும் அண்டைக் கிணற்றில் நீர் இறங்குகிறது. அண்டை வீட்டாரும் நகையுடன் சங்கத்திற்கு வருகிறார். மூன்று வருஷங்களில் இருபது பேர் இவ்விதம் ஆழப்படுத்திய பின், எல்லாக் கிணறுகளிலும் பழையபடியே நீர் குறைவு. இருபது குடும்பங்களின் நகை மட்டும் சங்கத்துப் பெட்டியில். தவணை தவறுகிறது. அங்கத்தினரைக் குறை கூறிப் பயனில்லை. தனித்தனியே நோக்கினால் ஒவ்வொருவர் செய்ததும் சரியே. பூமிக்குள் இருக்கும் நீர் மட்டும் ஒருவருடைய தனிச் சொத்தாக இல்லை.

தமிழ்நாட்டில் நிலத்தடி நீர் பிர்க்கா வாரியாகக் கணிக்கப்படுகிறது. ஒரு வருஷத்தில் மழையால் பூமிக்குள் ஊறும் அளவிற்கு மேல் இறைக்கும் பிர்க்கா ‘மிகையாக நீர் எடுக்கப்பட்டது’ என்றும், 100க்கு 90 முதல் 100 வரை எடுப்பது அபாய நிலை என்றும், 70 முதல் 90 வரை எடுப்பது ஓரளவு அபாயம் என்றும், 70க்கு உட்பட்டது பத்திரமானது என்றும் வகுக்கப்பட்டுள்ளது. தம் பிர்க்கா எவ்வகையைச் சேர்ந்தது என்பதை ஒவ்வொரு சங்கத்தின் காரியதரிசியும் அறிந்திருத்தல் அவசியம். கிணற்றுக்கென்று கடன் கொடுக்குமுன் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுவாகவே இருக்கலாம்.

இந்த ஊரார் கிராம சபைக்குச் சென்று “தண்ணீர்க் கஷ்டம் தீர வழி செய்ய வேண்டும்” என்று கூறினால், தீர்மானப் புத்தகத்தில் அவ்விதமே எழுதப்படும். மறு வருஷமும் எழுதப்படும். அதற்குப் பதிலாக, நாற்பது கிணறுகளின் நீர்மட்டத்தையும் மே மாதத்தில் ஒரு முறையும், மழைக்காலம் முடிந்து ஜனவரியில் ஒரு முறையும் கயிறு விட்டு அளந்து, கிணற்றின் சர்வே எண்ணுடன் ஒரு தாளில் எழுதி, இரண்டு வருஷத்துத் தாள்களைச் சபையில் வாசித்தால் அதன் பலமே வேறு. வரத்துக்காலின் நீளம் இத்தனை சங்கிலி, தூர்ந்த பகுதி இத்தனை, அது திறந்தால் பயன்பெறும் கிணறுகள் இன்னின்ன என்று கூறினால், வேலைக்கு மதிப்பீடு தயாரிக்கும் உத்தியோகஸ்தருக்குப் பாதி வேலை முடிந்தது. எந்த இனத்துப் பணத்தில் செய்யலாம் என்பதும் அப்போதே தெளிவாகும்.

கேட்க வேண்டிய இடமும் சரியாக இருத்தல் வேண்டும். ஊருணிகளும் குட்டைகளும் கிராமப் பஞ்சாயத்தின் பொறுப்பு. நூறு ஏக்கருக்கு உட்பட்ட ஆயக்கட்டு உடைய ஏரிகள் பஞ்சாயத்து யூனியனைச் சேர்ந்தவை. அதற்கு மேற்பட்டவை சர்க்காரின் நீர்வளத் துறையைச் சேர்ந்தவை. பெரிய ஏரியின் மடையைப் பற்றிப் பஞ்சாயத்துத் தலைவரோடு சண்டையிடுவது வீண் கால விரயம். அதற்குச் சபையின் தீர்மான நகலைத் துறையின் அலுவலகத்திற்கு அனுப்ப வேண்டும்.

சங்கத்தின் புத்தகங்கள்

கிராமத்தில் கூட்டுறவுச் சங்கத்தைப்போல் கணக்கு வைத்திருக்கும் ஸ்தாபனம் வேறில்லை. ஆயினும் திட்டம் வகுக்கும்போது அப்புத்தகங்களைத் திறந்து பார்ப்பவர் அரியர். பயிர்க் கடனுக்காக அங்கத்தினர்கள் கொடுக்கும் சிட்டா, அடங்கல் நகல்களிலிருந்து எந்தப் பயிர் எத்தனை ஏக்கர் சாகுபடியானது, ஐந்து வருஷத்தில் நெல் குறைந்து சோளம் ஏறியதா என்பதெல்லாம் தெரியவரும். உர இருப்புப் பதிவேடு, மண்ணில் ஏக்கருக்கு எவ்வளவு யூரியா விழுகிறது என்பதைக் கூறும். சங்கமே நடத்தும் ரேஷன் கடையின் கணக்கு, எத்தனை குடும்பங்கள் அந்த அரிசியை நம்பி வாழ்கின்றன என்பதைக் கூறும். நகைக் கடன் பேரேட்டில் எம்மாதத்தில் கூட்டம் மிகுகிறது என்று பார்த்தால், ஊரின் கஷ்ட காலம் எது என்பது விளங்கிவிடும். தேசக் குறிக்கோள்களின் பெயரால் வெளியூரிலிருந்து வந்து விசாரணை செய்பவர் ஒரு வாரம் அலைந்தாலும் இவ்வளவு கிடைப்பது துர்லபம்.

இதில் ஒரு கண்டிப்பான எச்சரிக்கை உண்டு. சபையில் வாசிக்க வேண்டியது மொத்தத் தொகைகளே. இன்னார் இவ்வளவு கடன்பட்டார், இன்னார் தவணை தவறினார் என்று ஊர் நடுவே பெயர் சொல்வது துரோகமாகும். அவ்விதம் ஒரு முறை நடந்தாலும், மானமுள்ளவர்கள் சங்கத்தை விட்டு விலகிக் கந்துவட்டிக்காரரிடம் போய்விடுவர். நிர்வாக சபை முன்கூட்டியே கூடி, எந்தத் தொகைகளை வெளியிடலாம் என்று தீர்மானித்துக்கொள்வது நல்லது.

மற்றொன்று, சங்கத்தின் புத்தகம் ஊர் முழுவதையும் காட்டுவதன்று. சிட்டா இல்லாத குத்தகைக்காரருக்குப் பயிர்க் கடன் கிட்டுவது கடினம். கூலி வேலை செய்யும் பெண்ணின் பெயர் அடங்கலில் ஏறுவதில்லை. ஆடு மேய்ப்பவர், செங்கல் சூளைக்குக் குடும்பத்தோடு சென்று ஆறு மாதம் கழித்துத் திரும்புபவர் ஆகியோர் எந்தப் பேரேட்டிலும் இரார். கிணறு உள்ளவர்கள் கூடி வரத்துக்காலைத் திறக்கத் தீர்மானிக்கும்போது, தெருக் குழாயில் ஒரு குடம் பிடிப்பதற்கு இரவில் விழித்திருக்கும் தெருவினரின் குரல் கேட்டதா என்று பார்க்க வேண்டும். ஒருவரையும் பின்னே விட்டுவிடலாகாது என்பது அப்பிரகடனத்தின் முதல் உறுதிமொழி. அவ்வுறுதிமொழி ஒரு ஊரில் மீறப்படுவது பெரும்பாலும் கெட்ட எண்ணத்தால் அன்று. யார் பட்டியலில் இல்லை என்று எண்ணிப் பார்க்க ஒருவருக்கும் தோன்றாமையாலேயே.

கேரளத்தின் முறை

இவ்வகையில் கேரளம் 1996ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் தொடங்கிய ஜனத் திட்ட இயக்கம் கூர்ந்து நோக்கத்தக்கது. மாகாணத் திட்டச் செலவில் 100க்கு 35 முதல் 40 பங்கு வரை ஸ்தல ஸ்தாபனங்களுக்கே விடுவதென்று அம்மாகாண சர்க்கார் முதலில் முடிவு செய்தது. பிறகுதான் ஜனங்களைக் கலந்தாலோசித்தது. இந்த வரிசையில் ஒரு சூட்சுமம் உண்டு. பணம் மெய்யாகவே தங்கள் கைக்கு வரப்போகிறது என்று அறிந்தவர்கள் பேசும் பேச்சில் பொறுப்பு இருக்கும்.

அங்கே கிராம சபை வார்டு வாரியாகக் கூடுவது. முதலில் எல்லோரும் ஒன்றாகக் கூடி, பின் விவசாயம், தண்ணீர், கல்வி, பெண்கள், தாழ்த்தப்பட்டோர் என்று விஷயவாரியாகச் சிறு குழுக்களாகப் பிரிந்து உட்கார்ந்தனர். ஒவ்வொரு குழுவிலும் பயிற்சி பெற்ற ஒருவர் கேள்விகளை எழுப்பிப் பேச வைத்தார். பெருங்கூட்டத்தில் வாய் திறவாத பெண்கள் பத்துப் பேர் நடுவில் தாராளமாகப் பேசினர். குழுக்களின் குறிப்புகளைத் தொகுத்து, ஊரின் நிலையைக் கூறும் அபிவிருத்தி அறிக்கை ஒவ்வொரு பஞ்சாயத்துக்கும் தயாராயிற்று. கேரளத்திலும் எல்லாம் குறைவற நடந்தது என்பதற்கில்லை. நாளடைவில் வருகை குறைந்தது, சலுகை பெறுவோர் பட்டியலுக்காக மட்டுமே வருவோர் பெருகினர் என்ற குறைகள் சொல்லப்பட்டன. எனினும் குழுவாகப் பிரிந்து உட்காரும் முறையைப் பின்பற்றப் பணச் செலவு கிடையாது. தமிழ்நாட்டில் கிராம சபை பஞ்சாயத்து முழுமைக்கும் ஒன்றாகக் கூடுவதால் இம்முறை இங்கே இன்னும் அவசியமானது.

தீர்மானத்திற்குப் பின்

சங்கத்தின் மகாசபையில் கணக்கு வாசிக்கப்படாமலே வருகைப் புத்தகத்தில் கையெழுத்து வாங்கும் வழக்கம் எவ்வளவு கேடானதோ, அவ்வளவு கேடானது கிராம சபையில் முன்னரே எழுதிவைத்த தீர்மானங்களை வேகமாக வாசித்து “எல்லோருக்கும் சம்மதந்தானே?” என்று முடிப்பது. கையெழுத்திட்டவர் பின்னர் மறுக்க இயலாது. வாசிக்கப்பட்டதைக் கேட்ட பிறகே கையெழுத்திடுவது என்று சங்க அங்கத்தினர்கள் மட்டும் உறுதி கொண்டாலும் கூட்டத்தின் போக்கு மாறும்.

தேர்ந்தெடுக்கப்பட்ட பஞ்சாயத்து இல்லாத காலமும் உண்டு. தமிழ்நாட்டில் 2016ஆம் வருஷம் அக்டோபர் முதல் மூன்று வருஷங்களுக்கு மேல் தனி அலுவலர்களே பஞ்சாயத்துகளை நிர்வகித்தனர். 2025 ஜனவரி 5ஆம் தேதி பெரும்பாலான ஜில்லாக்களில் பதவிக்காலம் முடிந்தபோதும் தனி அலுவலர்களே நியமிக்கப்பட்டனர். அத்தகைய காலங்களில் ஊராருக்கு எஞ்சியிருப்பது கிராம சபை ஒன்றே. எனவே அப்போது வருகை குறைவது இரட்டை நஷ்டமாகும். 2020ஆம் வருஷம் தொற்று நோயின் காரணமாக அக்டோபர் 2ஆம் தேதிச் சபை நிறுத்தப்பட்டபோது, திட்டம் தொடங்க வேண்டிய அந்த நாளில் ஜனங்கள் சொல்ல வேண்டியதைச் சொல்ல இடமில்லாமற் போயிற்று.

முடிவான திட்டம் 2020 ஏப்ரல் முதல் ஈ-கிராம ஸ்வராஜ் என்னும் சர்க்கார் கணக்கேட்டில் பதிவாகி வந்துள்ளது. பஞ்சாயத்தின் பெயரைக் கொண்டு எவரும் அதைப் பார்க்கலாம். சங்க அலுவலகத்துக் கம்ப்யூட்டரிலேயே பார்க்கலாம். சபையில் தீர்மானித்த வரத்துக்கால் அத்திட்டத்தில் ஏறியிருக்கிறதா, எந்த இனத்தில், எவ்வளவு தொகைக்கு என்பதைக் காரியதரிசி ஒரு தாளில் எழுதிச் சங்கத்துச் சுவரில் ஒட்டி வைக்கலாம். ஏறவில்லையாயின் அடுத்த சபையில் முதல் விஷயமாக, சென்ற கூட்டத்துத் தீர்மானங்களின் மேல் எடுத்த நடவடிக்கையை வாசிக்கும்படி கோர வேண்டும். மே மாதத்துக் கிணற்று அளவுகள் ஆகஸ்டு 15க்குள் தாளில் ஏறியிருக்குமாயின், அக்டோபர் 2 வரை அவற்றைச் சரிபார்க்க ஆறு வாரங்களுக்கு மேல் அவகாசம் கிடைக்கும்.